மலைக்குள் இருந்த நீளக்கழுத்து

விஸ்வலிங்கம் வாத்தியாருக்கு நான் தர வேண்டியிருந்தது முப்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு. நீங்கள் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் மண்வேலை நின்றுபோனது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நாங்கள் இருக்கிற அறைக்கு வாடகை கட்ட வழியில்லை. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவராகவே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முடிகிறபோது கொடும் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதனால், கடனுக்காகத்தானே செய்தாய் என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இங்கே ஸ்டேஷனில் உங்களுக்கு மொழிபெயர்க்கிற தம்பி, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன் என்றார். எனக்கே எழுதத் தெரியும் என்று தாளை வாங்கிக்கொண்டேன். என் பெயர் மருதப்பன். வயது நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு வயதுவரை கைநாட்டு. இந்த எழுத்தெல்லாம் வாத்தியார் கற்றுக் கொடுத்தது. பிழை இருந்தால் அது என்னுடையது, அவருடையது இல்லை.

தேக்காவில் ஒரு மளிகைக் கடை மாடியில் அவர் வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு எடுத்தார். எங்களைப் போன்ற கூலிக்காரர்களுக்கு மட்டும். சம்பளம் கிடையாது. பகலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பவர், காத்தோங்கிலிருந்து பஸ் மாறி வருவார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கையில் எப்போதும் ஒரு குடை. அவர் பேச்சு எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர் இல்லாதபோது அவர் மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்போம். அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் 'நீளம்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுக்கும்போது கரும்பலகையில் ஒரு மிருகத்தை வரைந்தார். உடம்பு பலகைக்குள் அடங்கியது. கழுத்து அடங்கவில்லை. பலகையைத் தாண்டிச் சுவரில் இழுத்துக்கொண்டே போய் ஜன்னல் பக்கத்தில் தலையை வைத்தார். சுவரைக் கெடுத்துவிட்டார் என்று கடைக்காரர் மறுநாள் சண்டை பிடித்தது வேறு விஷயம். பின் பெஞ்சிலிருந்து எங்கள் மண்டோர் கோவிந்தசாமி, "இதுக்குத் தாலி கட்டணும்னா எத்தனை முழம் கயிறு சார் வேணும்?" என்று கேட்டார். மண்டோர் என்றால் எங்கள் கும்பலை வைத்து வேலை வாங்குகிறவர். எல்லோரையும்விட வாத்தியார்தான் அதிகம் சிரித்தார்.

பிறகு சொன்னார். இந்த மிருகத்தை மனுஷன் ஒருவனும் கண்ணால் பார்த்ததில்லை. மனுஷன் பிறக்கிறதற்குப் பல கோடி வருஷம் முன்னாலேயே செத்து மண்ணுக்குள் போய்விட்டது. எலும்பு மட்டும் கல்லாகிக் கிடக்கிறது. எங்கேயோ ஒரு தேசத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடையெலும்பு எடுத்திருக்கிறார்கள். அதை வைத்துக் காலை அளக்கலாம். காலை வைத்து உடம்பு. உடம்பை வைத்துக் கழுத்து. "ஒரு எலும்பு இருந்தால் காணும். மிச்சத்தை அதுவே சொல்லும்," என்றார். அன்றைக்கு வீடு போகும்வரை எனக்கு அந்தக் கழுத்துதான் நினைப்பாக இருந்தது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஜூரோங்கில் தொழிற்சாலை கட்ட மலைகளை வெட்டிச் சதுப்பில் கொட்டுகிறார்கள். எங்களுக்குக் கூலி, வெட்டிய மண்ணின் கனத்துக்கு. மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கூலி கட்டாது. அதனால் அடியைக் குடைவோம். ஆள் குனிந்து போகிற அளவுக்குக் குடைந்து, இடையில் இரண்டு இடத்தில் மண்ணைத் தூண் மாதிரி விட்டுவிடுவோம். அதற்குக் கால் என்று பெயர். மேலே இருக்கிற மலை அந்தக் கால்களில் நிற்கும். கடைசியில் எல்லோரும் வெளியே வந்து, நீளக் கழி கட்டிய கடப்பாரையால் காலைத் தட்டினால் மொத்த மண்ணும் தானாக இறங்கும். இப்படிச் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிகாரி வருகிற நாளில் செய்ய மாட்டோம்.

குடைகிறபோது மலை மேல் ஒருவன் நிற்க வேண்டும். விளிம்பிலிருந்து உள்பக்கமாக நிலத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். கோடு எங்கேயாவது அறுந்தால் அங்கே நிலம் பிளக்கிறது என்று அர்த்தம். உடனே மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிப்பான். கீழே இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார்கள். அதற்கு நேரம் இருக்கும். ஆறு வருஷமாக மேலே நின்றவன் நான். என் காலத்தில் ஒருவனும் மண்ணில் போனதில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த வருஷம் மார்ச் மாதம், குடைந்த இடத்தில் ஒரு கல் வந்தது. ஆள் நீளம். துருப் பிடித்த நிறம். இரண்டு முனையும் புடைத்து நடுவில் ஒடுங்கியிருந்தது. ஒரு முனை வலது காலுக்குள் போய்ப் புதைந்திருந்தது. கடப்பாரை பட்டால் மணி மாதிரிச் சத்தம். கல்தானே, கிடக்கட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் கரும்பலகை நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் வாத்தியார், பார்த்து எழுதாமல் சொந்தமாக ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: மலைக்குள் பெரிய எலும்பு ஒன்று படுத்திருக்கிறது. என் வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் வரி அதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "எங்கை காணும்?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு எழுத்து தெரியாமலே இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டையோடு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்தார். குடையால் அளந்தார். "இது துடையெலும்பாத்தான் இருக்கவேணும். அப்பிடியெண்டால் ஆள் எழுபது அடிக்குக் குறையாது," என்றார். ஆள் என்றுதான் சொன்னார். வெளியே வந்து, இங்கே வால், இங்கே வயிறு, இங்கே தோள் என்று குடையை ஊன்றி ஊன்றி நடந்தார். கழுத்து மலையைவிட்டு வெளியே வந்து எங்கள் கொட்டகைப் பக்கம் போய் நின்றது. "தலை நம்ம கக்கூஸ்லயா சார் இருக்கு?" என்று கோவிந்தசாமி கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம்தான், மலையைச் சுற்றி வேலி போட வேண்டும், மியூசியத்து ஆட்கள் வரும்வரை இங்கே ஒரு மண்வெட்டியும் படக் கூடாது என்று சொன்னார். எத்தனை நாளைக்கு சார் என்று கேட்டேன். "நாளோ? இது வருஷக்கணக்கான வேலை காணும்," என்றார். தூரிகையால் தட்டித் தட்டித்தான் எடுப்பார்களாம்.

அவர் போன பிறகு கோவிந்தசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போது சிரிக்கவில்லை. "கையால வெட்டுற கடைசி மலைடா இது. அடுத்ததுக்கு மெசின் வந்து நிக்குது. இதுவும் நின்னுச்சுன்னா நம்மளுக்கு இங்க என்ன வேலை லா? நீதானே அவரக் கூட்டியாந்த. நீயே பேசி முடி," என்றார்.

நான் குடியுரிமை எடுக்காதவன். எல்லோரும் பதிவு செய்த காலத்தில், மேசைக்கு முன்னால் நின்று கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். போன வருஷத்திலிருந்து என்னைப் போன்றவனுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். வேலை போனால் சீட்டு போகும். சீட்டு போனால் ஊருக்குக் கப்பல். என் மனைவி முத்தாயிக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. மகள் இங்கே பிறந்தவள், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கப்பலைவிட்டு இறங்கினால் போய் நிற்க எனக்கு அங்கே ஒரு வாசல் கிடையாது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முத்தாயி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வகுப்பு முடிந்து சிராங்கூன் ரோட்டில் அவரோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதம் பொறுங்கள், மலை முடிந்துவிடும், அதற்குள் நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். நடைபாதையில் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பதறிப்போய் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"மூண்டு மாசத்தில மலையே இராது. பதினைஞ்சு கோடி வருஷமாக் காத்துக் கிடக்கிற சீவன் அது. அதைக் கொண்டுபோய்ச் சதுப்பில கொட்டச் சொல்லுறீரோ?" என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, "பயப்பிடாதையும். அரசாங்கம் ஒரு வழி செய்யும். பேப்பரில உம்மட பேரும் வரும். நீர்தானே கண்டுபிடிச்சது," என்றார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாமல் உட்கார்ந்து பார்த்திராதவர், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியும் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டினார்.

நான் வேறு வழி பார்க்காமல் இல்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது சம்மட்டியால் அந்தக் கல்லை உடைத்துப் பார்த்தேன். சில்லுதான் பெயர்ந்தது. உடைந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று பிறகு விளங்கியது. ஒரு எலும்பு இருந்தால் மிச்சமும் பக்கத்தில்தான் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த மிருகம் மலைக்குள் இருந்ததோ இல்லையோ, அவர் தலைக்குள் முழுசாக இருந்தது, வாலிலிருந்து கழுத்துவரை. அது அங்கே இருக்கிறவரை மலை நிற்கும், எங்கள் வேலையும் நிற்கும். சம்மட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை ஒருவர் வந்து பார்ப்பதாக மியூசியத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மூடியிருக்கிற முனையைத் துப்புரவாக்கிக் காட்ட வேண்டும் என்பது வாத்தியார் ஆசை. ஞாயிறு காலையிலேயே ஒரு சின்னச் சுத்தியலும் உளியும் சாப்பாட்டுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கொட்டகையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவரோடு போனேன்.

குடைந்த இடத்துக்குள் குனிந்து போய், வலது காலைத் தடவிப் பார்த்தார். படித்தவர், தெரியாததைக் கேட்கத் தெரிந்தவர். கேட்டார்.

"இந்த மண்ணை எடுத்தால் பயமில்லையோ?"

"பயமில்ல சார். எடுங்க. மலை இடது கால்லதான் நிக்குது. நான் மேல நிக்கிறேன்."

"நீர் மேலை நிண்டால் எனக்கென்ன பயம்," என்றார்.

மலை வலது காலில்தான் நின்றது. இடது காலை முந்தின நாளே பாதி அரித்திருந்தோம்.

விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கும். கோடு அறுந்ததும் தண்டவாளத்தை அடித்தேன், அவர் வெளியே வரவில்லை என்று சொன்னேன். எச்சரித்தும் வராததால் ஏற்பட்ட விபத்து என்று முடிவு எழுதினார்கள். நான் இங்கே வந்தது அதைத் திருத்துவதற்குத்தான். அவர் சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்று ஆவது நியாயமில்லை. நான் அடித்தது மண் இறங்கின பிறகு.

கோடு முதலில் மயிரிழை போல அறுந்தது. பிறகு விரல் நுழைகிற அளவு. சுத்தியல் கையில் இருந்தது. பயத்தில் கை வரவில்லை என்று எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். அப்படி இல்லை. கை நன்றாகத்தான் இருந்தது. கீழே அவர் மண்ணைக் கொத்துகிற சத்தமும், இடையிடையே தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வதும் கேட்டது. சந்தோஷமாக இருந்தார். பிளவு கை அகலமானதும் நான் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு அடித்தேன். பலமாக அடித்தேன். ஈரத் துணியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். எங்கே எங்கே என்றார்கள். நான் இடது பக்கத்தைக் காட்டினேன்.

அங்கேயே விழுந்து கையால் தோண்டினேன். வேகமாக, ஒருவனும் கிட்ட வர முடியாதபடி தோண்டினேன். இரண்டு விரலில் நகம் போனது; இன்னும் முளைக்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். அப்போது வலது பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. டக், டக் என்று, சின்னச் சுத்தியல் கல்லில் படுகிற சத்தம். அந்தக் கல் மண்ணைத் தாங்கிக்கொண்டு அவருக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தது. கோவிந்தசாமி தலையைத் தூக்கி, "என்னமோ தட்டுற மாதிரி கேக்கலடா?" என்றார்.

"நம்ம கடப்பாரைதான்ண்ணே. நிறுத்தாதீங்க," என்றேன்.

மண் விஷயத்தில் என் பேச்சை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தட்டுகிற சத்தம் இருந்தவரை இடது பக்கம் தோண்டினோம். வெகு நேரம் இருந்தது. நடுவில் நின்றது, மறுபடி வந்தது, மெதுவாகத் தட்டியது. முழுக்க நின்றுவிட்டது என்று நிச்சயமான பிறகு, வலது பக்கமும் பார்த்துவிடலாம் என்று நானேதான் சொன்னேன். அவரை வெளியே தூக்கியதும் நான்தான்.

திங்கட்கிழமை மியூசியத்திலிருந்து வரவேண்டியவர் வந்தார். செய்தி கேட்டுத் தொப்பியைக் கழற்றினார். பிறகு, வந்தது வந்தாயிற்று என்று அந்தக் கல்லைப் பார்த்தார். தண்ணீர் தொட்டுத் தேய்த்தார், ஒரு சில்லை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். எலும்பு இல்லையாம். இரும்புச் சத்து ஊறி இறுகின களிமண்ணாம். இந்தப் பக்கத்து மலைகளில் இப்படி நிறையக் கிடைக்குமாம். வாத்தியார் உயிரோடு இருந்திருந்தால் அந்த மனிதர் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரத்தில் போயிருப்பார், நாங்கள் மத்தியானத்துக்குள் வேலையைத் தொடங்கியிருப்போம்.

இப்போது ஆள் செத்ததால் அதிகாரிகள் வந்தார்கள். அடியைக் குடைந்திருப்பதைப் பார்த்து மலைக்கு முத்திரை வைத்தார்கள். முதலாளி எங்கள் கணக்கை முடித்தார். பிறகு மெசின் வந்து மிச்ச மலையை ஒரே வாரத்தில் தள்ளியது. என் சீட்டு இந்த மாதக் கடைசியோடு சரி. முத்தாயி பாத்திரங்களை விற்றுக்கொண்டிருக்கிறாள். மகள் என்னோடு பேசுவதில்லை. ஆனால் முன்கூட்டி இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை வைத்து நான் முடிவெடுத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் காத்தோங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கடைசிக் கூலியிலிருந்து முப்பத்தேழு வெள்ளி ஐம்பது காசை எண்ணி எடுத்து மடித்துக்கொண்டு போனேன். வீட்டில் அரிசிக்கு வைத்திருந்ததும் அதில் சேர்த்தி. அவர் சம்சாரம் இராசமலர் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டுப் போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் அவற்ர படத்துக்கு முன்னாலை நிண்டு சண்டை பிடிக்கிறன், அண்ணை," என்றார். "மணி அடிச்சுக் கேட்டும் ஏன் வெளியிலை வரேல்லை எண்டு. எங்களை விட அந்த எலும்பு பெரிசோ எண்டு."

அதைக் கேட்ட மூன்றாம் நாள்தான் உங்களிடம் வந்தேன்.

அன்றைக்குப் பணத்தை எடுத்து அந்த அம்மாவுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். என்ன காசு என்று கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டு அழுதது அப்போதுதான். நான் எவ்வளவோ வற்புறுத்தினேன். அவர் கேட்கவில்லை. நோட்டுகளை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "அவருக்காக நகம் பிய்யத் தோண்டின கையிலையிருந்து நான் காசு வாங்கிறதோ? பிள்ளைக்கு ஏதும் வாங்கிக் குடுங்கோ. அந்தக் கணக்கு முடிஞ்சுது," என்றார். இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

எனவே வாத்தியாருக்கோ அவர் வீட்டுக்கோ நான் இப்போது ஒரு காசு தர வேண்டியதில்லை. மற்றதை எப்படி எழுதினாலும் சரி, கடனை வைத்துவிட்டு ஓடப் பார்த்தவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் யாரையும் ஏமாற்றிப் பழக்கப்பட்டவன் இல்லை.